பிரதேச மட்டத்தில் சூழல் சுகாதார முகாமைத்துவம்

பாடம்: சுகாதாரமும் உடற்கல்வியும்
க.பொ.த. (சா/த) மாணவர்களுக்கான விளக்கக் குறிப்பும் பயிற்சியும்

மாணவர்களே, முதலில் ஒரு மாதிரி வினாவைப் பாருங்கள்.

"உமது கிராமத்தில் மூன்று வாரங்களுக்குள் ஏழு பேருக்கு டெங்குக் காய்ச்சல் ஏற்பட்டுள்ளது. இதனைக் கட்டுப்படுத்துவதற்குச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை மேற்கொள்ள வேண்டிய நடவடிக்கைகளை ஒழுங்குமுறையில் விளக்குக."

இவ்வினாவை வகுப்பில் கொடுத்தால் பத்துப் பேரில் எட்டுப் பேர் எழுதும் முதல் வரி "புகை அடிக்க வேண்டும்" என்பதாகும். இரண்டாவது வரி "சிரமதானம் செய்ய வேண்டும்". மூன்றாவது வரி பெரும்பாலும் வருவதில்லை. எழுதிய இரண்டும் பிழையென்று சொல்ல முடியாது. ஆனால் வினாவிலுள்ள "ஒழுங்குமுறையில்" என்ற சொல்லை நீங்கள் கவனிக்கவில்லை. யாருக்குத் தகவல் கிடைத்தது, எங்கே புகை அடிப்பது, எந்த வீட்டிலிருந்து சிரமதானத்தைத் தொடங்குவது, செய்தது பலன் தந்ததா என்று எப்படி அறிவது ஆகியவற்றுக்கு விடை சொல்லாத வரையில் அது முகாமைத்துவம் ஆகாது. இப்பாடத்தை அந்தக் கோணத்திலேயே படிப்போம்.

பணிமனையும் உத்தியோகத்தர்களும்

இலங்கையில் பிரதேச மட்டச் சுகாதார சேவை 1926 ஆம் ஆண்டு களுத்துறையில் தொடங்கப்பட்ட சுகாதார அலகுடன் ஆரம்பமாகிறது. நோய் வந்தபின் மருந்து கொடுப்பது வைத்தியசாலையின் வேலை. நோய் வராமல் காப்பதற்குக் குறிப்பிட்டதொரு நிலப்பரப்பையும் அதில் வாழும் மக்களையும் ஒரு குழுவிடம் பொறுப்பாக ஒப்படைக்க வேண்டும் என்பதே அதன் அடிப்படை. இன்று நாடு முழுவதும் 350க்கும் மேற்பட்ட சுகாதார வைத்திய அதிகாரி பிரிவுகள் உள்ளன.

பிரிவின் தலைவர் சுகாதார வைத்திய அதிகாரி. அவரின் கீழ் மேற்பார்வைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள், பொதுச் சுகாதாரத் தாதியர், குடும்பநல உத்தியோகத்தர்கள் ஆகியோர் பணிபுரிகின்றனர். தாய் சேய் நலம் குடும்பநல உத்தியோகத்தரின் பொறுப்பு. சூழல் சுகாதாரம் பெரும்பாலும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் தோளில்தான் இருக்கிறது. ஊரில் "பி.எச்.ஐ. ஐயா" என்று அழைக்கப்படுபவர் இவரே. ஏறத்தாழ 10,000 பேருக்கு ஒரு பரிசோதகர் என்பது அளவுகோல். வெற்றிடங்கள் உள்ள இடங்களில் ஒருவரே இரண்டு பிரிவுகளைப் பார்க்க நேரிடும்.

மாணவர்கள் அதிகம் குழம்பும் இடம் ஒன்றுண்டு. குப்பை அள்ளுவது யார்? பிரதேச சபை, நகர சபை அல்லது மாநகர சபை. அது உள்ளூராட்சி மன்றத்தின் கடமை. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையோ மாகாணச் சுகாதாரத் திணைக்களத்தின் கீழ், பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளரூடாக இயங்குகிறது. குப்பையால் நோய் பரவும் அபாயத்தைக் கண்டறிந்து எச்சரிப்பது பரிசோதகர். உழவு இயந்திரத்தை அனுப்புவது சபை. கடைகளுக்கு வியாபார அனுமதிப்பத்திரம் வழங்குவது சபை. அதற்குச் சிபாரிசு செய்வது பரிசோதகர். ஆகவே இப்பணிமனையின் முகாமைத்துவத்தில் பாதி, தன் கட்டளைக்கு உட்படாத நிறுவனங்களை இணங்கவைத்து வேலை செய்விப்பதாகும். "ஒருங்கிணைப்பு" என்று ஒரு சொல்லில் எழுதிவிட்டுப் போகாமல் எந்த நிறுவனம், எந்த வேலை என்று எழுதுங்கள்.

தகவல் எவ்வழியாக வருகிறது?

இதுதான் மாதிரி வினாவின் முதலாவது படிமுறை. டெங்கு, நெருப்புக்காய்ச்சல், எலிக்காய்ச்சல், செங்கமாரி போன்றவை அறிவிக்கப்பட வேண்டிய நோய்கள். 1897 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்க தடுப்புக்காப்பு மற்றும் நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டம் இதற்கு அடிப்படையானது. வைத்தியசாலையில் நோயாளியைப் பார்க்கும் வைத்தியர் நோயைச் சந்தேகித்தவுடனேயே "சுகாதாரம் 544" என்னும் படிவத்தை நிரப்பி, நோயாளி வசிக்கும் பிரிவின் சுகாதார வைத்திய அதிகாரிக்கு அனுப்புகிறார். இரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. காத்திருந்தால் நுளம்பு காத்திருக்காது.

அங்கிருந்து தகவல் உரிய பரிசோதகருக்குச் செல்கிறது. அவர் வீட்டுக்குச் சென்று விசாரித்து "சுகாதாரம் 411" படிவத்தில் அறிக்கை தருகிறார். ஒவ்வொரு வாரமும் பிரிவின் மொத்த விபரம் "சுகாதாரம் 399" படிவத்தில் கொழும்பிலுள்ள தொற்றுநோயியல் பிரிவுக்குப் போகிறது. படிவ இலக்கங்களை மனப்பாடம் செய்வது அவசியமில்லை. தகவல் செல்லும் வரிசையைத் தெரிந்திருப்பது அவசியம்.

பரிசோதகர் வீட்டில் கேட்கும் முக்கியமான கேள்வி, "கடந்த இரண்டு வாரங்களில் பகல் வேளையில் எங்கெங்கே இருந்தீர்கள்?" என்பதாகும். காரணத்தை விளங்கிக்கொள்ளுங்கள். தொற்றிய நுளம்பு கடித்துப் பொதுவாக 4 தொடக்கம் 10 நாட்களின் பின்னரே காய்ச்சல் தொடங்கும். ஈடிஸ் நுளம்பு பகலில் கடிப்பது. காலையிலும் மாலையிலும் அதன் உக்கிரம் அதிகம். எனவே நோயாளி தூங்கிய அறையை மட்டும் பார்த்தால் போதாது. அவர் படித்த பாடசாலை, வேலை செய்த கடை, சென்ற தனியார் வகுப்பு எல்லாம் பார்க்கப்பட வேண்டும்.

இதை நான் புத்தகத்தில் இருந்து மட்டும் படிக்கவில்லை. சில வருடங்களுக்கு முன் என் வகுப்பு மாணவன் ஒருவனுக்கு டெங்கு ஏற்பட்டது. அவன் வீட்டு வளவு கூட்டித் துடைத்தது போலச் சுத்தமாக இருந்ததாம். பரிசோதகர் அக்கேள்வியைக் கேட்டு நேரே எங்கள் வகுப்புக் கொட்டிலுக்கு வந்தார். கூரைப் பீலியில் இலை அடைத்து நீர் நின்றது. கொட்டிலின் பின்னால் பழைய தார்ப் பீப்பாய் ஒன்று இருந்தது. இரண்டிலும் குடம்பிகள். முதல் வாரம்தான் "நுளம்பு பெருகும் இடங்கள்" என்று அதே கொட்டிலில் கரும்பலகையில் எழுதிப் படிப்பித்திருந்தேன். அறிவித்தல் என் பெயருக்கே தரப்பட்டது. மாணவன் குணமடைந்தான், ஆனால் அந்த வருடப் பரீட்சையில் முதல் மூன்று பாடங்களுக்கு அவனால் தோற்ற முடியவில்லை. அன்றிலிருந்து எங்கள் வகுப்பில் ஞாயிறு காலை முதல் பத்து நிமிடமும் பீலி பார்ப்பதற்கு உரியது.

ஏன் வாரம் ஒருமுறை? முட்டையிலிருந்து குடம்பி, கூட்டுப்புழு என்னும் நிலைகளைக் கடந்து நுளம்பாவதற்கு ஏறத்தாழ 7 தொடக்கம் 10 நாட்கள் எடுக்கும். ஏழு நாட்களுக்கு ஒருமுறை நீரைக் கொட்டினால் வட்டம் அறுகிறது. ஆனால் ஈடிஸ் முட்டைகள் உலர்ந்த பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு பல மாதங்கள் உயிருடன் இருக்கக்கூடியவை. ஆகவே நீரைக் கொட்டினால் மட்டும் போதாது, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவவும் வேண்டும். மழை தொடங்கிச் சில நாட்களிலேயே நுளம்பு பெருகுவதன் இரகசியம் இதுவே.

புகை பற்றி ஒரு வார்த்தை. புகை பறக்கும் நுளம்பை மட்டுமே கொல்லும். முட்டைக்கும் நீருக்குள் இருக்கும் குடம்பிக்கும் அதனால் ஒன்றும் ஆகாது. நோயாளர்கள் ஓரிடத்தில் குவிந்திருக்கும்போது தொற்றிய நுளம்புகளை உடனடியாக ஒழிக்கவே அது பயன்படும். சத்தமும் மணமும் இருப்பதால் மக்கள் அதைப் பெரிய வேலையாக நினைக்கிறார்கள். பரிசோதகர்களுக்கு வரும் கோரிக்கைகளில் முதலிடம் இதற்குத்தான்.

அளவீடும் தீர்மானமும்

பிரச்சினையின் அளவை எண்ணில் சொல்ல வேண்டும். அதற்குக் குடம்பி ஆய்வு நடத்தப்படுகிறது. மூன்று சுட்டிகள் உள்ளன.

வீட்டுச் சுட்டி = (குடம்பி காணப்பட்ட வீடுகள் ÷ பார்வையிட்ட வீடுகள்) × 100
பாத்திரச் சுட்டி = (குடம்பி காணப்பட்ட பாத்திரங்கள் ÷ பார்வையிட்ட, நீருள்ள பாத்திரங்கள்) × 100
பிறெற்றோ சுட்டி = (குடம்பி காணப்பட்ட பாத்திரங்கள் ÷ பார்வையிட்ட வீடுகள்) × 100

உதாரணம்: ஒரு கிராம அலுவலர் பிரிவில் 150 வீடுகள் பார்வையிடப்பட்டன. 12 வீடுகளில் குடம்பிகள் இருந்தன. நீருள்ள பாத்திரங்கள் 450. அவற்றில் 18 இல் குடம்பிகள். அப்படியாயின் வீட்டுச் சுட்டி 8, பாத்திரச் சுட்டி 4, பிறெற்றோ சுட்டி 12.

அந்த 18 பாத்திரங்களும் எவை? வீசப்பட்ட யோகட் கோப்பை, சிரட்டை, ரின் 9, ரயர் 4, பீலி 2, சீமெந்துத் தொட்டி 2, குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு 1 என்று வைத்துக்கொள்வோம். பாதி வீசப்பட்ட பொருட்கள். எனவே இப்பிரிவுக்குச் சிரமதானமும் சபையின் குப்பை வண்டியும் பொருத்தமானவை. அடுத்த பிரிவில் 18 இல் 12 சீமெந்துத் தொட்டிகளாக இருந்தால் அங்கே சிரமதானம் வீண். நீரைச் சேமிக்காமல் அம்மக்களால் வாழ முடியாது. மூடியும் மீனும் கொடுக்க வேண்டும், அல்லது தொட்டியை வாரந்தோறும் தேய்த்துக் கழுவப் பழக்க வேண்டும். ஒரே நோய், இரண்டு திட்டங்கள். வளங்கள் குறைவாக இருக்கும்போது முன்னுரிமை வழங்குதல் என்று புத்தகத்தில் சொல்லப்படுவது இதைத்தான்.

இனி, சிரமதானத்தின் பின்னர் அதே 150 வீடுகளும் மீண்டும் பார்வையிடப்பட்டன. குடம்பி உள்ள வீடுகள் 6. நீருள்ள பாத்திரங்கள் 100. அவற்றில் 6 இல் குடம்பி. கணித்துப் பாருங்கள்: வீட்டுச் சுட்டி 4, பிறெற்றோ சுட்டி 4. ஆனால் பாத்திரச் சுட்டி 6! முன்னர் 4 ஆக இருந்தது இப்போது கூடிவிட்டது. நிலைமை மோசமாகிவிட்டதா? இல்லை. பாத்திரங்களே 450 இலிருந்து 100 ஆகக் குறைந்துவிட்டன; வகுக்கும் எண் சிறிதானதால் விகிதம் பெரிதாகத் தெரிகிறது. ஒரு சுட்டியை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. பரீட்சையில் தரவு தந்து கருத்துரைக்கச் சொன்னால், கணித்துவிட்டு நிறுத்தாமல் "ஏன்" என்பதையும் எழுதுங்கள்.

எமது பகுதிகளில் இன்னுமொரு சிக்கல் உண்டு. உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கும் பூட்டிய வீடுகள். பார்வையிட்ட வீடுகளின் கணக்கில் இவை சேர்வதே இல்லை. சுட்டி குறைவாக வந்தாலும் மதிலுக்கு அப்பால் மூடாத தொட்டி இருக்கலாம். எனவே அறிக்கையில் பூட்டிய வீடுகளின் எண்ணிக்கையைத் தனியாகக் காட்டுவதும், திறப்பு யாரிடம் என்று கிராம அலுவலரிடம் விசாரிப்பதும் திட்டத்தில் அடங்கும்.

2017 ஆம் ஆண்டில் இலங்கையில் 186,101 டெங்கு நோயாளர்கள் பதிவானார்கள். 400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவ்வாண்டு ஏப்ரல் 14 இல் மீதொட்டமுல்லை குப்பைமேடு சரிந்து 30க்கும் மேற்பட்டோர் பலியானதையும் சேர்த்து நினைவில் வைத்திருங்கள். கழிவு முகாமைத்துவம் பற்றிய வினாவுக்கு அது பொருத்தமான உதாரணம்.

கிணற்று நீர்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளிலும் குகைகளிலும் தேங்கும் மழைநீரே குடிநீர். சுண்ணாம்புக்கல் மண்ணைப்போல வடிகட்டாது. மேலே ஊற்றியது விரைவாகக் கீழே சேரும். ஒரு பரப்பு, இரண்டு பரப்புக் காணிகளில் ஒரு மூலையில் கிணறும் மறு மூலையில் மலக்குழியும் இருக்கின்றன. இரண்டுக்கும் இடையே பொதுவாக 50 அடி தூரம் கேட்கப்படுகிறது. ஆனால் வெடிப்புள்ள பாறையில் அத்தூரமும் முழுப் பாதுகாப்பு அல்ல. பக்கத்து வீட்டின் குழி உங்கள் கிணற்றுக்கு இன்னும் அண்மையில் இருக்கலாம். கட்டட அனுமதிக்கு முன் பரிசோதகர் காணியைப் பார்வையிடுவது இதற்காகவே. வீடு கட்டி முடிந்தபின் குழியை நகர்த்துவது எவ்வளவு கடினம் என்பதை ஊரில் கேட்டுப் பாருங்கள்.

கிணற்று நீரில் மல மாசு உள்ளதா என்பதை ஈ.கோலை பற்றீரியா பரிசோதனை காட்டும். மாசு இருந்தால் குளோரீன் இடப்படும். இங்கே சிறு கணக்கு ஒன்று. கிணற்றின் விட்டம் 2.8 மீற்றர், நீரின் ஆழம் 2.5 மீற்றர். ஆரை 1.4 மீற்றர். கனவளவு 22/7 × 1.4 × 1.4 × 2.5 = 15.4 கன மீற்றர், அதாவது 15,400 லீற்றர். ஓரளவு தெளிந்த நீருக்கு 33% குளோரீன் உள்ள வெளிற்றும் தூள் 1000 லீற்றருக்கு ஏறத்தாழ 2.5 கிராம் தேவை. எனவே 15.4 × 2.5 = 38.5 கிராம். அதைச் சிறிதளவு நீரில் கரைத்து, தெளிந்த பகுதியை வாளியில் இறக்கிக் கலக்க வேண்டும். குறைந்தது 30 நிமிடம் விட வேண்டும். இரவில் இட்டுக் காலையில் பயன்படுத்துவது வசதி. பின்னர் எஞ்சிய குளோரீன் லீற்றருக்கு 0.2 தொடக்கம் 0.5 மில்லிகிராம் வரை உள்ளதா என அளக்கப்படும். வெள்ளத்தின் பின் கலங்கிய கிணறுகளுக்கு முதலில் இறைத்துச் சுத்தம் செய்து, கூடிய அளவு தூள் இட வேண்டியிருக்கும். அந்த அளவைப் பரிசோதகரே சொல்வார். நீங்களாகக் கூட்டிக் குறைக்க வேண்டாம்.

குளோரீன் எல்லாவற்றையும் தீர்க்குமா? இதுவே நல்ல மாணவனையும் சாதாரண மாணவனையும் பிரிக்கும் இடம். தோட்டங்களுக்கு இடும் யூரியாவிலிருந்தும் மலக்குழிகளிலிருந்தும் நீருக்கு நைத்திரேற்று வருகிறது. குடிநீரில் அது லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். குளோரீன் இட்டாலும் நைத்திரேற்று போகாது. கொதிக்கவைத்தால் நீர் ஆவியாகி அதன் செறிவு கூடும். போத்தலில் பால்மா கரைத்துக் கொடுக்கப்படும் சிறு குழந்தைகளுக்கு இது ஆபத்தானது. சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்த பிரச்சினையும் இத்தகையதே. வெளிற்றும் தூளால் தீரக்கூடியது அல்ல. அது 2019 இல் உயர் நீதிமன்றத் தீர்ப்பு வரை சென்றது. இரசாயன மாசுக்கு மூலத்தைத் தடுக்க வேண்டும், மாற்று நீர் வழங்க வேண்டும். ஆகவே மத்திய சுற்றாடல் அதிகாரசபை, தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை, விவசாயத் திணைக்களம் ஆகியன சேராமல் பணிமனையால் தனித்து எதுவும் செய்ய முடியாது.

எலிக்காய்ச்சலையும் நீரோடு சேர்த்துப் படியுங்கள். 2024 டிசம்பரில், பெருமழைக்குப் பின்னர், யாழ்ப்பாண மாவட்டத்தில் காய்ச்சலால் அடுத்தடுத்து உயிரிழப்புகள் ஏற்பட்டன. முதலில் என்ன காய்ச்சல் என்று தெரியாமல் மக்கள் கலங்கினர். பரிசோதனைகளில் எலிக்காய்ச்சல் என உறுதியானது. எலி போன்ற விலங்குகளின் சிறுநீர் கலந்த சேற்றிலும் நீரிலும் இறங்குவோருக்குக் கால் காயங்களினூடாகக் கிருமி செல்கிறது. வயலில் இறங்குவோருக்கு முற்காப்பாக டொக்சிசைக்கிளின் மாத்திரை சுகாதாரப் பணிமனையால் வழங்கப்படுகிறது. சாதாரண காய்ச்சல் என்று வீட்டில் பரசிற்றமோலுடன் நாட்களைக் கடத்துவதே இதில் பெரிய ஆபத்து.

உணவும் சட்டமும்

உணவு பற்றிச் சுருக்கமாகப் பார்ப்போம். வேறு அலகில் விரிவாக வருகிறது. சாப்பாட்டுக் கடைகளும் வெதுப்பகங்களும் பரிசோதிக்கப்பட்டு ஏ, பி, சி, டி எனத் தரப்படுத்தப்படுகின்றன. மாதிரிகள் பெறப்பட்டு ஆய்வுகூடத்துக்கு அனுப்பப்படுகின்றன. 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் வழக்குத் தொடரலாம். நுளம்புக்கு 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க நுளம்பு பெருகுதலைத் தடுக்கும் சட்டம். சூழல் மாசுக்கு 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டம்.

சட்டம் இறுதிப் படி. முதலில் அறிவுறுத்தல், பின்னர் காலக்கெடுவுடன் எழுத்து மூல அறிவித்தல், அதன் பின்னர் வழக்கு என்பது வழமையான ஒழுங்கு. எடுத்த எடுப்பிலே வழக்குப் போட்டால் அடுத்தமுறை வாசற்படலை திறக்கப்படாது. வழக்கே போடாவிட்டால் அறிவித்தலை யாரும் மதிக்க மாட்டார்கள். எங்கே எதைச் செய்வது என்பது அனுபவத்தில் வருவது.

கண்காணிப்பும் மதிப்பீடும்

1963 இல் இலங்கையில் பதிவான மலேரியா நோயாளர்கள் 17 பேர் மட்டுமே. நோய் ஒழிந்துவிட்டது என்று எண்ணப்பட்டது. மருந்து தெளித்தலும் கண்காணிப்பும் தளர்ந்தன. 1968, 1969 ஆம் ஆண்டுகளில் நோய் மீண்டும் வெடித்தது. 1969 இல் மட்டும் ஐந்து இலட்சத்துக்கும் அதிகமானோர் பாதிக்கப்பட்டனர். அதன் பின்னர் பல தசாப்த உழைப்பினால் 2016 செப்டெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடாக உலக சுகாதார நிறுவனத்தால் சான்றளிக்கப்பட்டது. இன்றும் மலேரியாவைப் பரப்பும் நுளம்பு இங்கே உண்டு. வெளிநாட்டிலிருந்து காய்ச்சலுடன் வருவோரின் இரத்தம் பரிசோதிக்கப்படுகிறது.

செய்த வேலையை எண்ணுவது வேறு, கிடைத்த பலனை அளப்பது வேறு. "200 துண்டுப்பிரசுரம் வழங்கினோம், 5 சிரமதானம் செய்தோம்" என்பது முதலாவது. "பிறெற்றோ சுட்டி 12 இலிருந்து 4 ஆனது, அடுத்த மாதம் புதிய நோயாளர் இருவர் மட்டுமே" என்பது இரண்டாவது. விடையில் இரண்டையும் பிரித்து எழுதுங்கள்.

பயிற்சி வினாக்கள்

1. தொடக்கத்தில் தரப்பட்ட மாதிரி வினாவுக்கு ஒரு பக்கத்தில் விடை எழுதுக. (துணை: "புகை" என்ற சொல் உமது விடையில் நான்காவது படிமுறைக்கு முன் வரக்கூடாது.)

2. 200 வீடுகள் பார்வையிடப்பட்டன. 25 வீடுகள் பூட்டியிருந்தமையால் அவற்றுக்குள் செல்ல முடியவில்லை. எஞ்சியவற்றில் 14 வீடுகளில், 21 பாத்திரங்களில் குடம்பிகள் காணப்பட்டன. வீட்டுச் சுட்டியையும் பிறெற்றோ சுட்டியையும் கணிக்க. (துணை: வகுக்கும் எண் 200 அல்ல.)

3. ஒரு தாய், கிணற்று நீரில் நைத்திரேற்று அதிகம் என்று பரிசோதகர் கூறியதால் நீரை நன்கு கொதிக்கவைத்துக் குழந்தைக்குப் பால்மா கரைக்கிறார். இது பற்றி உமது கருத்தைக் காரணத்துடன் எழுதுக.

4. பிரதேச சபையும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையும் சேர்ந்தே செய்யவேண்டிய வேலைகள் மூன்றைக் குறிப்பிட்டு, ஒவ்வொன்றிலும் எவருடைய பங்கு எது என எழுதுக.

5. இந்த வார இறுதியில் உமது வீட்டு வளவைச் சுற்றி வந்து நீர் தேங்கும் பாத்திரங்களை எண்ணி, வகை பிரித்து அட்டவணை ஒன்று தயாரிக்க. கூரைப் பீலியைப் பார்க்க ஏணி வேண்டும். பெரியவர் ஒருவரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லவும். அட்டவணையை ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு எடுத்து வரவும்.